உறுதியர் இருக்கை

ஆட்டம் புள்ளி ஏழு எட்டு மில்லிமீட்டர் என்று கருவி காட்டியது. வல்லூறு ரக விமானம் ஒன்றின் வாலுக்குள் குப்புறப் படுத்திருந்த எஸ்தர் நவமணி, விளக்கை வாயில் கவ்விக்கொண்டு இரண்டாம் முறையும் அளந்தாள். அதே எண்தான்.

"புள்ளி எட்டு வரைக்கும் போகலாமே மேடம்," என்றார் கீழே ஏணியைப் பிடித்திருந்த டெக்னீஷியன் சிவசைலம். "எல்லைக்குள்ளதான் இருக்கு. கையெழுத்துப் போட்டுடலாம்ல?"

போடலாம்தான். அது வால் இறக்கையை மேலும் கீழும் சாய்க்கும் திருகுத்தண்டு. அதன் மரை தேயத் தேய ஆட்டம் கூடும். முன்பு எல்லை அரை மில்லிமீட்டராக இருந்தது. பாதிக்கு மேற்பட்ட விமானங்களைத் தரையில் நிறுத்த வேண்டி வந்தபோது, கம்பெனி ஒரு கூட்டம் போட்டு அதைப் புள்ளி எட்டாக உயர்த்தியது. அன்று அதை ஆதரித்துக் கை தூக்கியவர்கள் ஒன்பது பேர். கடைசியாக, பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துவிட்டுத் தூக்கியவள் எஸ்தர்.

வல்லூறின் பெயர் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது. மூன்று வருடத்தில் மூன்று விபத்து. இனி அதில் ஒரு ஆள்கூட ஏற மாட்டார் என்ற நிலையில்தான் உறுதியர் சட்டம் வந்தது. காலையில் விமானத்தைச் சோதித்த பொறியாளரே உறுதியராக முதல் வரிசையில் உட்கார்ந்து பறக்க வேண்டும். அவர் மணிக்கட்டில் அச்சமானி கட்டியிருக்கும். நாடியையும் தோலின் வியர்வையையும் படித்து, தலைக்கு மேலே இருக்கும் விளக்கை அது எரியவைக்கும். பயமில்லை என்றால் பச்சை, பயமிருந்தால் மஞ்சள். கையெழுத்து பொய் சொல்லலாம், நாடி சொல்லாது என்று ஜனங்கள் நம்பினார்கள். வாசலில் நின்று விளக்கைப் பார்த்துவிட்டு ஏறினார்கள்.

முதல் வருடம் சட்டம் நன்றாகவே வேலை செய்தது. தன் உயிரும் உள்ளே இருக்கிறது என்பதால் பொறியாளர்கள் நாலு தடவை அளந்தார்கள். பிறகு கம்பெனி ஒரு விதி கொண்டுவந்தது. ஒரே மாதத்தில் மூன்று முறை மஞ்சள் எரிந்தால் வேலை இல்லை. அதற்குப் பிறகுதான் பொறியாளர்களின் ஓய்வறைக்கு, பயத்தை எழவிடாமல் நாடியை அடக்கி வைக்கும் அலையடக்கி மாத்திரை வந்தது. யார் கொண்டுவந்தார்கள் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

எஸ்தருக்கு அந்த மாதம் இரண்டு மஞ்சள் ஆகியிருந்தது. கையெழுத்துப் போட்டாள். கை கழுவும் தொட்டியருகே நின்று ஒரு மாத்திரையைத் தண்ணீரில்லாமல் விழுங்கினாள். கண்ணாடியில் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்தாள்.

திருச்சியிலிருந்து ஷார்ஜா போகும் பத்து மணி விமானம் அது. ஏறும் வரிசையை ஒரு அம்மாள் வாசலிலேயே மறித்துக்கொண்டு நின்றார். கோட்டைப்பட்டினத்து ஜெய்லானி பீவி, மகள் பிரசவத்துக்குப் போகிறவர். முதல் வரிசையில் எரிந்த பச்சை விளக்கைப் பார்த்தார், அதன் கீழே உட்கார்ந்திருந்த எஸ்தரின் முகத்தைப் பார்த்தார், மறுபடி விளக்கைப் பார்த்தார். பிறகு பிஸ்மில்லா சொல்லி உள்ளே வந்து எஸ்தருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்.

"திரும்பிப் போயிரலாம்னுதாம்மா நின்னேன்," என்றார் முக்காட்டைச் சரிசெய்தபடி. "உங்களப் பாத்த பிறகுதான் உசுரு வந்துச்சு. எல்லாம் தெரிஞ்ச உங்களுக்கே பயமில்லன்னா எனக்கென்ன?"

எஸ்தர் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் பின்னால் அவள் மிகவும் கூசிப்போனாள்.

அரபிக்கடலுக்கு மேலே, கிளம்பி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். விமானத்தின் மூக்கு சட்டென்று கீழே குத்தியது. தேநீர்க் கோப்பைகள் கூரையில் போய் மோதின. அலறல் எழுந்தது. மறுகணம் எல்லாக் கண்களும் முன்வரிசை விளக்கைத் தேடின. பச்சை. அலறல் அப்படியே அடங்கியது. "காத்துதான், வேற ஒண்ணுமில்ல," என்று யாரோ சொல்லிச் சிரித்தார்கள்.

அது காற்று இல்லை. பின்னாலிருந்து வந்த அரைபடும் சத்தம் எஸ்தருக்குப் புரிந்தது. மரை போய்க்கொண்டிருக்கிறது. கணக்கு ஒன்றுக்கு விடை தெரிவது போல அது தெரிந்தது, அவ்வளவுதான். நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை.

இருக்கையருகே இருந்த தொலைபேசி ஒலித்தது. விமானி ரகோத்தமன்.

"மேடம், வால் கொஞ்சம் இழுக்குது. எச்சரிக்கை ஒண்ணு வந்து வந்து போகுது. உங்க லைட் பச்சையாவே இருக்கறதால கவலைப்பட ஒண்ணுமில்லன்னு எடுத்துக்கறேன். அப்படியே போலாம்தானே?"

விமானியின் பலகையிலும் அந்த விளக்கு உண்டு என்பது அவளுக்குத் தெரியும். மற்ற மானிகளை விட அதைத்தான் அவர் நம்புகிறார் என்பது இப்போதுதான் தெரிந்தது. விமானத்தைத் திருப்பச் சொன்னால் பச்சைக்குக் காரணம் சொல்ல வேண்டும். ஜெய்லானி பீவி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திரும்புங்க கேப்டன். கொச்சிக்குப் போங்க. வால் இறக்கையைத் தொடவே தொடாதீங்க."

"ஆனா பச்சையாத்தானே..."

"நான் மாத்திரை போட்டிருக்கேன்."

எஸ்தர் தொலைபேசியை இன்னும் நெருக்கிப் பிடித்தாள்.

"அந்த விளக்கைப் பாக்காதீங்க. காலையில அளந்தப்பவே ஆட்டம் அதிகம். தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன்."

விமானம் மெல்லச் சாய்ந்து திரும்பியது. முன்வரிசைகளில் எல்லோருக்கும் கேட்டிருந்தது. திட்டுவார்கள் என்று எஸ்தர் காத்திருந்தாள். யாரும் திட்டவில்லை. ஜெய்லானி பீவி மட்டும் அவள் பக்கம் குனிந்து கேட்டார்.

"ஏம்மா, அந்த மாத்திரை இன்னும் ஒண்ணு இருக்கா?"

குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார்.

"இல்லம்மா," என்றாள் எஸ்தர்.

அவர் எஸ்தரின் கையைப் பிடித்துக்கொண்டார். கொச்சி வரும்வரை நாற்பது நிமிடமும் விடவில்லை. அந்தக் கை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் அசையாமல் கிடந்த தன் கையைப் பார்க்க எஸ்தருக்குக் கூசியது.

தரை இறங்கினார்கள். ஒருவருக்கும் காயமில்லை. எல்லோரும் போன பிறகு, ஏணிப்படியின் பாதியில் மருந்தின் வேகம் குறைந்து, அதுவரை வராத பயம் மொத்தமாக வந்தது. எஸ்தர் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். காலியான விமானத்துக்குள் விளக்கு மஞ்சளாக எரிந்தது.

விசாரணையில் அவள் எதையும் மறைக்கவில்லை. மாத்திரையைச் சொன்னாள், எல்லை உயர்ந்த கதையைச் சொன்னாள், தான் தூக்கிய கையையும் சொன்னாள். எல்லையைப் பழையபடி அரை மில்லிமீட்டர் ஆக்குவார்கள் என்று எதிர்பார்த்தாள்.

அவர்கள் உறுதியர்களுக்கு ரத்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்கினார்கள். ஒரே வாரத்தில் வல்லூறு விமானங்கள் அத்தனையிலும் மஞ்சள் எரிந்தது. வாசல்வரை வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். விமானங்கள் காலியாக நின்றன. கம்பெனி மனநல நிபுணர்களை வைத்து ஆராய்ந்து அரசுக்கு ஒரு அறிக்கை கொடுத்தது. உறுதியர்களின் பயத்துக்குக் காரணம் விமானம் அல்ல, விமானத்தைப் பற்றி அவர்களுக்கு இருக்கும் அறிவு என்றது அது. சட்டம் திருத்தப்பட்டது. சோதிப்பவர் வேறு, பறப்பவர் வேறு. உறுதியராக வருகிறவருக்குத் தொழில்நுட்பப் படிப்பு இருக்கக் கூடாது. சோதித்த பொறியாளர், பயணிகளின் மனஅமைதியை முன்னிட்டு, அந்த விமானத்தில் ஏறவே கூடாது. ஆட்டத்தின் எல்லையைப் பற்றித் திருத்தத்தில் ஒரு வரியும் இல்லை.

துணிக்கடையிலும் திருமண மண்டபத்திலும் வரவேற்பாளர்களாக இருந்த சிரித்த முகத்துக்காரர்கள் உறுதியர்களாக வந்தார்கள். மருந்து எதுவும் இல்லாமலே பச்சை பளிச்சென்று எரிந்தது. இருக்கைகள் நிரம்பின.

எஸ்தரை வேலையிலிருந்து நீக்கவில்லை. வால் பகுதி வேலை தெரிந்த ஆட்கள் குறைவு. திருத்தம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டதுமே அதை எதிர்த்து அவள் ஒரு கடிதம் எழுதத் தொடங்கி, இரண்டு பக்கம் முடித்திருந்தாள். அதை எடுத்துக்கொண்டு விமானக் கொட்டகைக்கு வந்த காலையில்தான் திருத்த ஆணையின் நகல் வந்து சேர்ந்தது. சிவசைலம் வாசித்துக் காட்டினார்.

"அப்போ இனிமே நீங்க பறக்க வேண்டியதே இல்ல மேடம். கீழயே இருந்துக்கலாம்."

"நல்லதாப் போச்சு," என்றாள் எஸ்தர்.

சொன்ன பிறகுதான் சொன்னது அவள் காதில் விழுந்தது. முகம் சுட்டது. சிவசைலம் தலையைக் குனிந்துகொண்டு, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கருவிப் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தார்.