மைனஸ் இரண்டு

இருநூற்றுப் பதினான்கு படங்கள். அத்தனையும் கறுப்பு. தங்கை மூடியைக் கழற்ற மறந்துவிட்டாள் என்று சொல்லலாமென்றால், உள்ளங்கையில் அடங்கும் அந்தக் கேமராவுக்கு மூடியே கிடையாது. சுவிட்சைப் போட்டால் லென்ஸ் தானாக வெளியே வரும். அக்கா சோபாவின் நுனியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்துக்கொண்டே போனாள். பதினெட்டு வருடமாக ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படம் எடுக்கிறவள், எவ்வளவு மங்கலிலும் முகத்தைக் கண்டுபிடித்துவிடுவாள். இதில் ஒன்றும் இல்லை. படங்களின் எண் மட்டும் நாற்பத்தேழில் தொடங்கியது. முதல் நாற்பத்தாறையும் தங்கை அழித்திருந்தாள்.

"பாத்தாச்சா?" எதிரே நின்றபடி கேட்டான் தங்கையின் கணவன். "லைட்ட அணைச்சு, ஸ்டோர் ரூம் கதவச் சாத்திக்கிட்டு உங்க தங்கச்சி எடுத்த லட்சணம். நாள் பூரா இதே வேலை. இத அப்படியே கோர்ட்ல குடுக்கப்போறேன். இப்படிப்பட்டவகிட்ட எந்த ஜட்ஜ் பிள்ளைய விடுவாரு, சொல்லுங்க?"

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தங்கை பத்து நாளாக மருத்துவமனையில் மருந்து மயக்கத்தில் கிடக்கிறாள். இவன் இங்கே சட்டை கலையாமல் நின்று, பெற்ற பிள்ளையின் காது கேட்க இப்படிப் பேசுகிறான். மூன்று வயதுப் பாப்பா ஹாலின் நடுவே தரையில் உட்கார்ந்து டப்பா மூடிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தது.

படத்தின் விவரத்தைத் திறந்தாள். எக்ஸ்போஷர் மைனஸ் இரண்டு. ஐ.எஸ்.ஓ. எண்பது. ஃபிளாஷ் கிடையாது. வெளிச்சம் உள்ளே வரக்கூடிய எல்லா வழியையும் யாரோ பார்த்துப் பார்த்து அடைத்திருந்தார்கள். தங்கைக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? சிவப்புப் பட்டனை அழுத்தினால் வீடியோ என்பதையே நாலு தடவை சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

"நீங்கதான இத மாத்தி வெச்சது? அவளப் பைத்தியமாக்கத்தான?"

"நானா? அதுல எந்தப் பட்டன் எதுக்குன்னே எனக்குத் தெரியாது." சிரித்தான்.

அந்தச் சிரிப்பில் ஓங்கி ஒன்று விடலாம்போல இருந்தது. அக்கா எழுந்து, கேமராவோடு ஸ்டோர் ரூமை நோக்கி நடந்தாள். அதே இடத்தில் ஒழுங்காக எடுத்த படத்தைக் கோர்ட்டில் போட்டால் போதும். ஐயா, இது வெறும் அறை. இது சாதாரணக் கேமரா. என் தங்கையை ஏமாற்றியவன் இதோ நிற்கிறான்.

நேற்று மருத்துவமனையில் தங்கை ஒரேயொரு தடவை கண் திறந்தாள். "கேமராவத் தொடாதக்கா," என்றாள். "நீ சரி பண்ணிருவ." அப்போதும் அக்காவுக்குக் கோபம்தான் வந்தது. யாருக்காகடி நான் இப்படி அலைகிறேன்?

ஸ்டோர் ரூமில் ஜன்னல் இல்லை. இந்தப் பத்து நாளில் பல்பும் போயிருந்தது, அதைக்கூட மாற்றத் துப்பில்லாத மனுஷன். கதவு வழியாக விழுந்த மாலை நாலு மணி வெளிச்சத்தில் சுருட்டிய மெத்தையும், இறக்கை இல்லாத மின்விசிறியும், பக்கச் சுவரோரம் பாதித் தூரத்தில் ஓர் இரும்பு அலமாரியும், அதற்கும் அப்பால் பின்சுவரும் தெரிந்தன. பிழிந்து காயப்போட மறந்து இரண்டு நாளான துணியின் வாடை அடித்தது. அது மெத்தையிலிருந்து வரவில்லை. குனிந்து முகர்ந்து பார்த்தாள், மெத்தை நன்றாகக் காய்ந்திருந்தது.

மூலையில் கிடந்த வாளியைக் கவிழ்த்து அதன்மேல் கேமராவை வைத்தாள். எக்ஸ்போஷரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள். ஐ.எஸ்.ஓ.வை எண்ணூறாக்கினாள். எந்த அளவு சரிவரும் என்று தெரியாத இடத்தில் ஸ்டூடியோக்காரர்கள் செய்வதுபோல, ஒரே அழுத்தலில் மூன்று படம் விழும்படி வைத்தாள்: ஒன்று சரியளவு, ஒன்று இருட்டு, ஒன்று வெளிச்சம். மூன்றில் ஒன்று கட்டாயம் உருப்படும்.

கிளிக். கிளிக். கிளிக்.

இருட்டுப் படத்தில் பின்சுவரோரம் நீளமாக ஏதோ தொங்கியது, மழைக்கோட்டு மாதிரி. சரியளவுப் படத்தில் அது சுவரோரம் இல்லை. அலமாரியின் பக்கத்தில் இருந்தது. வெளிச்சப் படத்தில் பாதிக்குமேல் சாம்பல் நிறக் கறை அடைத்திருந்தது, மிகக் கிட்டத்தில் இருக்கும் பொருள் கலங்கித் தெரிவதுபோல.

நிமிர்ந்து பார்த்தாள். சுவர். அலமாரி. கோட்டு இல்லை. அதை மாட்ட ஆணிகூட இல்லை.

லென்ஸில் அழுக்கு. வேறென்ன? கையில் கிடைத்ததையும் கெடுத்து வைத்திருக்கிறான். புடவைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தாள். இந்தத் தடவை மிச்சம் வைக்காமல் எக்ஸ்போஷரைப் பிளஸ் இரண்டுக்கு ஏற்றினாள்.

கிளிக். கிளிக். கிளிக்.

மூன்றும் சுத்தமாக வந்தன. பளிச்சென்ற சுவர், பளிச்சென்ற அலமாரி. கோர்ட்டுக்குக் கொடுக்கத் தோதான வெறும் அறை. அந்த வாடைகூடப் போயிருந்தது. "மாட்டுனடா," என்று வாய்விட்டே சொன்னாள். அவன் முகத்தில் வீசியெறிய வேண்டும் என்ற அவசரத்தில், கெட்டுப்போன முதல் மூன்றையும் அழிக்க மறுபடி நகர்த்தினாள்.

இருட்டில், பின்சுவர்.

சரியளவில், அலமாரி.

வெளிச்சத்தில், லென்ஸுக்கு முன்னால்.

வெளிச்சம் கூடக் கூட ஒவ்வோர் அடியாக முன்னால் வந்திருக்கிறது. தங்கையை யாரும் ஏமாற்றவில்லை. அவளாகவேதான் தடவித் தடவிக் கற்றுக்கொண்டிருக்கிறாள். குறைத்துக் குறைத்து அதைப் பின்னால் தள்ளியிருக்கிறாள், விளக்கை அணைத்து, கதவைச் சாத்தி, இருநூற்றுப் பதினான்கு தடவை, சுவருக்குள்ளேயே அனுப்பும்வரை. பைத்தியம் என்று ஊரே சொல்லியும் விடாமல்.

இப்போது பிளஸ் இரண்டு.

அறை வெறுமையாக இருந்தது.

அப்படியானால் அது லென்ஸைத் தாண்டிவிட்டது. தன்னையும் தாண்டிவிட்டது. அடிப்பாவி, என்ன செய்தாய்? அவனை அல்ல, தன்னைத்தான் அடித்துக் கொல்ல வேண்டும்போல இருந்தது அக்காவுக்கு.

ஹாலுக்கு ஓடினாள். ஜன்னல் திரையெல்லாம் விலக்கியிருந்தது. சுவர் முழுக்க வெயில்.

"திரையப் போடுங்க! எல்லாத்தையும் மூடுங்க!"

"என்ன, உங்களுக்கும் பிடிச்சிருச்சா?" என்றான் அவன். அசையவில்லை.

கேமராவைப் பாப்பாவுக்கு நேரே பிடித்தாள். மைனஸ் ஒன்று. கிளிக். மைனஸ் இரண்டு. கிளிக். அவ்வளவு வெயிலில் மைனஸ் இரண்டிலும் ஹால் பளிச்சென்றே விழுந்தது. கேமராத் திரையில் பாப்பா. பாப்பாவுக்குப் பின்னால் அந்தச் சாம்பல் உருவம், கால் நீட்டி உட்கார்ந்து, மடியை விரித்து.

பட்டனை மறுபடி அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள். மைனஸ் இரண்டுக்குக் கீழே அந்தக் கேமராவில் எண் இல்லை.

"பெரிம்மா," என்றது பாப்பா, தூக்கம் வந்த குரலில்.

பாப்பாவின் தலைமுடி தானாக இரண்டாக வகிடு பிரிந்தது. தோள் மெல்லப் பின்னால் போனது. டப்பா மூடிகள் சரிந்து உருண்டன. பாப்பா கண்ணை மூடி, பின்னால் ஒன்றுமே இல்லாத வெயிலில் சாய்ந்து, தரையில் விழாமல், பாதிச் சாய்வில் அப்படியே இருந்தது.