உள்பக்கம் ஆறு பக்கிள்

காலி உறை நிற்காது. கேன்வாஸ் எத்தனை தடிமனாக இருந்தாலும், உள்ளே எவ்வளவு கம்பளி வைத்துத் தைத்திருந்தாலும், பொருளை வெளியே எடுத்த மறுநொடி உறை தொப்பென்று மடிந்து விழும். பதினெட்டு வருஷமாக உறை தைத்தே வயிறு வளர்த்தவளுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் காலையில் வண்டிக்காரர் இறக்கிவிட்டுப் போன உறை பட்டறை மூலையில், இரும்பு அலமாரிக்குப் பக்கத்தில், எதன்மேலும் சாயாமல் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது.

“எவ்ளோ நேரந்தான் நிப்ப? கால் வலிச்சா உக்காரு,” என்றாள் கத்திரி.

பட்டறையில் அவளுக்கு அதுதான் பேர். கையில் இருக்கிற கத்திரிக்காக வைத்த பேர் இல்லை, வாய்க்காக வைத்தது. எதிர் மிஷினில் இருந்த தங்கை களுக்கென்று சிரித்தாள்.

“சிரிக்காத எருமை. எல்லாம் நீ பண்ணி வச்ச கூத்து.”

பிறந்த நாளிலிருந்து தங்கையை எருமை என்றே கூப்பிட்டுப் பழக்கம். ஒருநாள்கூடச் செல்லம் கொஞ்சியதில்லை. அம்மா போன அன்றைக்குத் தங்கைக்கு ஏழு வயது. அன்றிலிருந்து சோறு ஊட்டி, பேன் பார்த்து, ஒவ்வொரு சட்டையையும் தன் கையாலேயே தைத்துப் போட்டு வளர்த்தவள் அவள். கொஞ்சுவதற்கு எங்கே நேரம்?

கூத்து என்று அவள் சொன்னது போன வாரத்துச் சமாசாரம். அவர்கள் தைப்பது வீடு மாற்றுகிறவர்கள் வாங்கும் உறை. பீரோவோ ஃபிரிட்ஜோ, எதுவானாலும் சுற்றிப் போட்டு, துணியோடு சேர்த்துத் தைத்த பட்டைகளைப் பக்கிளில் மாட்டி இழுத்தால் போதும், தனியாகக் கயிறு வேண்டாம். பக்கிள் எப்போதும் வெளிப்பக்கம்தான். அதற்காகவே வெட்டியவுடன் வெளிப்பக்கத்தில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுவார்கள். காய்ச்சலோடு வேலைக்கு வந்த தங்கை அந்தக் குறியை மறுபக்கத்தில் போட்டுத் தொலைத்தாள். ஆறு பக்கிளும் உள்பக்கம் போய்விட்டன. உள்ளே ஆள் நின்றால் ஒழிய மாட்ட முடியாத உறை!

அது தெரிந்ததே சோதனை போடும்போதுதான். பொருள் கைவசம் இல்லாவிட்டால் யாராவது ஒருவர் பொருளாக உள்ளே நிற்பது அந்தப் பட்டறை வழக்கம். அன்றைக்கும் தங்கைதான் நின்றாள். விளையாட்டாக ஆறு பக்கிளையும் உள்ளிருந்தே மாட்டிக்கொண்டு சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

“அக்கா, உள்ள இடம் பத்தல. பின்னாடி யாரோ நிக்கிற மாதிரி இருக்கு.”

“உன் பின்னாடி நிக்க எவன் வரப்போறான்? வெளிய வா எருமை.”

பிரித்துத் தைக்க நேரமில்லாமல் ஆர்டர் கொடுத்த வீட்டுக்கு அப்படியே அனுப்பிவிட்டார்கள். இன்றைக்குத் திரும்பி வந்திருக்கிறது. “அந்த வீட்ல ஆளே இல்லம்மா,” என்றார் வண்டிக்காரர். “கதவு பூட்டிக் கெடக்கு. இது மட்டும் வாசல்ல நின்னுட்டிருந்துச்சு. தூக்கினா மொதல்ல ஆள் கனம் கனத்துச்சு, அப்புறம் ஒண்ணுமே இல்ல. எனக்கு இந்த வம்பே வேணாம்.” கையெழுத்துக்குக்கூட நிற்காமல் போய்விட்டார்.

உறையில் ஒரு சீட்டு குத்தியிருந்தது. ‘இது சரியாக இருக்கிறது. இதேபோல் இன்னொன்று. பக்கிள் உள்பக்கம். மாலை ஆறு மணிக்குள்.’ கீழே அளவுகள். என்ன பொருள் என்று மட்டும் எழுதவில்லை. முதலாளிக்கு வாயெல்லாம் பல். “தப்பாத் தைச்சதுக்குப் பாராட்டு வாங்கின ஒரே ஆளு உன் தங்கச்சிதான்!” என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமை என்பதால் மதியமே கிளம்பிவிட்டார். பட்டறையில் அக்காளும் தங்கையும்தான் மிச்சம்.

கத்திரி கேன்வாஸை மேசையில் விரித்தாள். வெளியே மேகம் மூடியிருந்தது. தூசி படிந்த ஜன்னல் வழியாக வந்த சாம்பல் வெளிச்சத்தில் மிஷின் எண்ணெயும் புதுத் துணியின் பசை வாடையும் கலந்து கிடந்தன. தங்கையின் மிஷின் கடகடவென்று ஓடி நின்றது, மறுபடி ஓடியது. அந்த இடைவெளிகளில் ஒன்றில் மூலையிலிருந்து வேறொரு சத்தம் கேட்டது.

டக்.

அவளுக்குத் தெரியாத சத்தமா? பக்கிள் மாட்டும் சத்தம். நிமிர்ந்து பார்த்தாள். உள்பக்கம் பட்டை இறுகினால் வெளியே துணி ஒரு கோடாகச் சுருங்கும். காலையில் நாலு கோடு எண்ணியதாக ஞாபகம். இப்போது ஐந்து இருந்தது. கழுத்து உயரத்தில் இருந்த ஆறாவது மட்டும் மாட்டாமல், ஒரு கை நுழையும் அளவுக்கு இருட்டாகத் திறந்திருந்தது. அந்தத் திறப்பு தங்கையின் மிஷினைப் பார்த்தபடி இருந்தது.

‘எலி’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். பக்கிள் மாட்டுகிற எலி! தன் புத்தியைத் தானே நொந்துகொண்டு சீட்டைப் படித்தாள். உயரம் ஐந்தடி அரை அங்குலம். தோள் அகலம் பதினைந்து. இடதுபக்கம் ஓர் அங்குலம் இறக்கம்.

அளவு நாடா கையில் அப்படியே நின்றது.

எந்தப் பீரோவுக்கு இடதுபக்கம் ஓர் அங்குலம் இறக்கம்? அந்த ஓர் அங்குலம் அவளுக்குத் தெரியும். ஒன்பது வயதில் படியில் விழுந்து இடது தோள் இறங்கிப்போன தங்கைக்கு இருபது வருஷமாக ஒவ்வொரு சட்டையிலும் அந்த ஓர் அங்குலத்தை இறக்கித் தைப்பவள் அவள்தான். டாக்டர்கூட அளந்து பார்த்ததில்லை. தங்கைக்கே தெரியாது. சட்டை சரியாக உட்காருகிறது என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

சீட்டைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

“ஏய், கருப்பு நூல் வாங்கிட்டு வா,” என்றாள்.

“மூணு உருண்டை இருக்கேக்கா?”

“பத்தாது. பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற கடைல வாங்கு.”

“போய்ட்டு வர ஒரு மணி நேரம் ஆகுமே!”

“ஆகட்டும். நடந்தா உடம்புக்கு நல்லது. கெளம்பு.”

காரணம் சொன்னால் பயந்தே செத்துவிடுவாள் அவள். தங்கை முணுமுணுத்துக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். செருப்புச் சத்தம் தெருவில் தேய்ந்து மறையும் வரை கத்திரி காது கொடுத்துக் கேட்டாள். திரும்பிப் பார்த்தபோது உறையின் திறப்பு மிஷின் பக்கம் இல்லை. வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

அவளுக்குப் பயமாக இருந்தது. அதைச் சொல்வதில் என்ன வெட்கம்? ஆனால் பயத்துக்கு அடியில் இன்னொன்றும் கொதித்துக்கொண்டிருந்தது. கையைப் பிடித்துக் கொடுக்கக்கூட நேரமில்லாமல் போனாள் அம்மா. யாரும் கொடுக்காமல் தானே எடுத்துக்கொண்ட பிள்ளை இது. அதை அளவெடுக்க வந்திருக்கிறதாம், வாசலில் கிடந்த ஒரு மூட்டைத்துணி!

சீட்டைத் துண்டு துண்டாக வெட்டினாள். விரித்து வைத்த கேன்வாஸை ஒட்டுப்போடக்கூட ஆகாதபடி நாடா நாடாவாகக் கிழித்தாள்.

“இந்தா, உன் ஆர்டர். வந்து வாங்கிக்கோ.”

டக்.

ஒரு கோடு தளர்ந்தது.

டக். இன்னொன்று. மாட்டவில்லை, கழற்றிக்கொண்டிருந்தது. மேலிருந்து கீழாக, அவசரமே இல்லாமல், விருந்தாளிக்குக் கதவு திறக்கிறவர் மாதிரி. ஐந்தும் கழன்றதும் கேன்வாஸ் இரண்டு பக்கமும் மெல்ல விரிந்தது. உள்ளே பழுப்புக் கம்பளி. தொங்கும் பட்டைகள். வேறு ஒன்றுமே இல்லை. தங்கை தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் வாசனை மட்டும் குப்பென்று வந்தது.

அந்த வாசனைதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“அவ மேல கை வச்சிருவியா நீ?” என்று கத்திக்கொண்டே பெரிய கத்திரியோடு பாய்ந்தாள். முதல் வெட்டு தோள் மடிப்பில் ஆழமாக இறங்கியது. இரண்டாவது வெட்டுக்குக் கையை ஓங்கினாள். ஏதோ ஒரு பட்டை மணிக்கட்டைச் சுற்றியது. உறைக்குள் இழுத்தது. கையிலிருந்த கத்திரி தரையில் விழுந்து சுழன்று மேசைக்கு அடியில் போனது.

டக். இடுப்பு.

டக். முழங்கால்.

டக், டக், டக்.

கடைசியாகக் கழுத்து. டக்.

இருட்டு. முகத்தை அழுத்தும் கம்பளி. மூச்சு விட்டால் அதே மூச்சு சூடாகத் திரும்பி வந்தது. வாய்க்குள் நூல் பிசிறு. அசையப் பார்த்தாள். முடியவில்லை. இடம் பத்தவில்லை.

அவள் முதுகுக்கும் துணிக்கும் நடுவில் யாரோ நின்றுகொண்டிருந்தார்கள்.

மூச்சில்லை. சூடில்லை. உயரம் மட்டும் அவள் உயரத்துக்கே ஒத்திருந்தது. அவள் குனிந்தால் குனிந்தது.

“பயப்படுவேன்னு பாக்கறியா?” என்றாள் கம்பளிக்குள். குரல் நடுங்கியது. நடுங்கட்டும். கழுத்துக் கயிற்றில் தையல் பிரிக்கும் ஊசிக்கத்தி எப்போதும் தொங்கும். விரல்களை நெஞ்சுவரை ஊரவிட்டு அதைப் பிடித்தாள். கழுத்துப் பட்டையின் தையலைத் தடவினாள். கட்டம் போட்டு நடுவில் குறுக்காக இரண்டு ஓட்டம். எத்தனை இழுத்தாலும் விடாது என்று தங்கைக்கு அவளே சொல்லிக் கொடுத்த தையல். நன்றாகத்தான் கற்றுக்கொண்டிருக்கிறாள், பாவி! ஒரு நூலை அறுத்தாள். அடுத்ததை அறுத்தாள்.

எத்தனை நேரமோ. செருப்புச் சத்தம்.

“அக்கா? நூல் கெடச்சிருச்சு. எங்க இருக்க?”

கத்த வாயைத் திறந்தாள். கம்பளி வாய்க்குள் புகுந்தது. பிடரிக்குப் பின்னாலிருந்து அவளுடைய குரல் பேசியது.

“இங்கதான் இருக்கேன் செல்லம். பக்கத்துல வா.”

அவள் குரலேதான். இழுப்புகூட அதே இழுப்பு.

செருப்புச் சத்தம் இரண்டடி வைத்து நின்றுவிட்டது. அக்காள் வாயிலிருந்து செல்லமா?

“யாரது?” என்றாள் தங்கை மெதுவாக.

கத்திரி தலையைச் சிலுப்பினாள். பல்லால் கம்பளியைக் கடித்துக் கிழித்தாள். பிடரித் தோல் உரிந்து எரிந்தது. வாய் கிடைத்தது.

“ஓடுடி எருமை! வீட்டுக்குப் போய்க் கதவச் சாத்திக்கோ! என் குரல் கேட்டாத்தான் தொறக்கணும்! ஓடு!”

நூல் உருண்டை தரையில் விழுந்து உருண்டது. செருப்புகள் தடதடவென்று ஓடின. வாசல், தெரு, தெருமுனை. போய்விட்டாள்.

கத்திரி சிரித்தாள். கண்ணீர் வழிய, கம்பளிக்குள் வாய்விட்டுச் சிரித்தாள். “போச்சா? வாயில மண்ணா? செல்லமாம் செல்லம்!”



கொஞ்ச நேரம் கழித்து, அவள் காதுக்கு மிக அருகில், அவள் குரலில், ஒரு வார்த்தையை அது சொல்லிப் பார்த்தது.

“எருமை.”

சரியாக வரவில்லை. மறுபடி சொன்னது.

“எருமை. ஓடுடி எருமை. வாடி எருமை.”

மூன்றாவது முறை சொன்னது யார் என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

அப்போதுதான் உறைத்தது, தினமும் பழக்க தோஷத்தில் சொல்வதைத் தன் வாயாலேயே சொல்லித் தொலைத்துவிட்டோம் என்று. என் குரல் கேட்டாத்தான் தொறக்கணும்.

அவளுடைய வலது கால் நகர்ந்தது. அவள் நகர்த்தவில்லை. பின்னாலிருந்த கால் தள்ளியது. பிறகு இடது கால். காலடியில் பட்டறையின் சிமெண்டுத் தரை முடிந்தது. வாசற்படி. தெருவின் ஈர மண்.

வீடு நாலு தெரு தள்ளி. காலுக்கு வழி தெரியும்.

“நட,” என்றாள் கத்திரி. “நீ நட. நான் பிரிக்கிறேன். யாரு மொதல்ல முடிக்கிறாங்கன்னு பாத்துருவோம்.”

ஒரு நூல் அறுந்தது. ஓரடி. விரல் பிசுபிசுத்தது, ரத்தம்தான். இன்னொரு நூல். இன்னொரு அடி. கழுத்துப் பட்டையில் பாதி போயிருந்தது. இன்னும் ஐந்து பட்டை. தெரு ஒன்று தாண்டிவிட்டது.

பின்னால், அவள் குரலில், அது விடாமல் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சரியாக.

“நான்தான்டி. கதவத் தொற, எருமை.”