பத்துத் தாள் திருத்திய கை

மாலை 4.05. டியூஷனுக்கு வந்த பிள்ளைகள் இங்கிலீஷ் டீச்சரைத் தூங்குகிறார் என்று நினைத்துத் தொட்டார்கள். தலை சரிந்தது. கழுத்தில் அவருடைய துப்பட்டாவே இறுகியிருந்தது. மேஜையில் முப்பது விடைத்தாள்கள், மூடாத சிவப்புப் பேனா.

5.30. உடலை எடுத்துப் போய்விட்டார்கள். தெருவே வாசலில் நிற்க, எதிர்வீட்டுத் தையல்காரி மட்டும் எப்படியோ உள்ளே நுழைந்துவிட்டாள். அடுத்த வீட்டில் ஊசி விழுந்தாலும் அது எத்தனாம் நம்பர் ஊசி என்று சொல்கிறவள். ஆனால் இன்று வம்புக்காக வரவில்லை. இந்த வீட்டில் வேலை பார்ப்பவள் அவளுடைய சொந்தத் தங்கை. அந்தத் தங்கையின் பையிலிருந்துதான் டீச்சரின் சங்கிலி கிடைத்திருந்தது.

இன்ஸ்பெக்டர் ஒரு மாணவியைக் கேட்டார். "நேத்து டெஸ்டா?"

"ஆமா சார். எல்லாருக்கும் ஒண்ணாத்தான் மார்க் வரும். ஒருத்தர் தாளை மட்டும் முதல்ல முடிச்சுத் தாங்கன்னா தரமாட்டாங்க."

"டீச்சர் எப்போ திருத்த உக்காந்தாங்க?"

"ஒரு மணிக்கு சார்," என்றாள் தையல்காரி. "என் ஜன்னல்ல தெரிஞ்சுது. உக்காந்ததும் திரையை இழுத்துட்டாங்க."

இன்ஸ்பெக்டர் தங்கையிடம் திரும்பினார். "நீ எங்க இருந்தே?"

தங்கை பின்கதவைக் காட்டினாள். "பின்பக்கம் துவைச்சிட்டிருந்தேன் சார். ரெண்டேகாலுக்கு டீ கொண்டு வந்து ரூம் வாசப்படி ஸ்டூல்ல வெச்சேன். முதுகைக் காட்டிக்கிட்டு, தலையைக் குனிஞ்சு திருத்திட்டிருந்தாங்க."

டீச்சரின் கொழுந்தன் மூக்கை உறிஞ்சினான். அண்ணன் இறந்ததிலிருந்து வீட்டை எழுதித் தரச்சொல்லி அண்ணியோடு மல்லுக்கு நின்றவனுக்கு இன்று கண்ணீர் குடம் குடமாக வந்தது. "நான் மதியம் சாப்பிட வந்துட்டு ரெண்டு மணிக்கே கிளம்பிட்டேன் சார். ரெண்டு பத்துக்கு ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டிருக்கேன்."

இன்ஸ்பெக்டர் தாள்களைத் தட்டினார். "நாப்பது கேள்வி. முதல் பகுதி எதிர்ச்சொல்: ஹேப்பிக்கு முன்னால அன், பாசிபிளுக்கு இம், அக்ரீக்கு டிஸ். ரெண்டாவது பகுதி நாட், நெவர் வெச்சு வாக்கியம். ஒரு தாளுக்குப் பத்து நிமிஷம் ஆகும். பத்துத் தாள் முழுசா முடிஞ்சிருக்கு. அப்போ ரெண்டு நாப்பது வரைக்கும் அவங்க உயிரோட இருந்திருக்காங்க. அந்நேரம் வீட்ல இவ ஒருத்திதான்."

பெண் போலீஸ் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்தாள். தையல்காரி மேஜையை நெருங்கினாள். தங்கை இல்லையென்றால், கொன்றவன் இதே அறையில் நிற்கிறான்.

"மீதி இருபது தாளையும் பாத்தீங்களா சார்?"

"திருத்தாத தாள்ல என்னம்மா இருக்கப்போகுது?"

"புரட்டிப் பாருங்க."

புரட்டினார். இருபதிலும் முதல் பகுதிக்கு மட்டும் டிக் இருந்தது.

"பத்துச் சட்டை தைச்சா, பத்துக் காலரையும் முடிச்சிட்டுத்தான் நான் கைக்கே போவேன். டீச்சரும் அப்படித்தான் சார். முப்பது பேருக்கும் முதல் பகுதி, அப்புறம்தான் ரெண்டாவது; அதுலயும் ஒரு கேள்வியை முப்பது தாள்லயும் பாத்துட்டுத்தான் அடுத்த கேள்வி. இல்லேன்னா ஒருத்தருக்குத் தாராளம், ஒருத்தருக்குக் கஞ்சத்தனம்னு மார்க் விழும்னு சொல்வாங்க. முப்பது தாளுக்கு முதல் பகுதி அரைமணி வேலை. இந்த இருபதுல ரெண்டாவது பகுதியோட முதல் கேள்விகூடத் திருத்தல; ஒண்ணரைக்கே அவங்க பேனா நின்னுபோச்சு. அந்தப் பத்துத் தாளைக் கடைசிவரைக்கும் திருத்தினது வேற கை."

அறையில் எதுவோ குறைந்தது. தன் முதுகுக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம் நின்றுவிட்டது என்று அவளுக்கு உறைத்தது. திரும்பவில்லை.

"என் தங்கச்சி தன் பேரைத் தமிழ்ல எழுதவே மூணு தடவை மூச்சு வாங்குவா. இவளா இங்கிலீஷ் திருத்தினா? செத்தவங்க ரெண்டு மணிக்கு மேலயும் உயிரோட இருந்தாங்கன்னு காட்டினா யாருக்கு லாபம் சார்? ரெண்டு மணிக்குக் கிளம்பினவருக்குத்தான். அரைமணி பக்கத்துல உக்காந்து படிக்காமலே டிக் போட்டுட்டு, சங்கிலியை இவ பையில திணிச்சிட்டுப் போயிருக்கார்."

இன்ஸ்பெக்டர் சிவப்புப் பேனாவை நீட்டினார். "தம்பி, பதினோராவது தாளைத் திருத்துங்க. உங்க டிக் எப்படி இருக்குன்னு பாக்கறேன்."

கொழுந்தன் பேனாவை வாங்கினான். தாளையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் பேனாவை நழுவவிட்டு, அண்ணியின் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டான். பெண் போலீஸ் தங்கையின் மணிக்கட்டை விட்டாள்.

6.15. அக்காவும் தங்கையும் தெருவைக் கடந்தார்கள். வீட்டு வாசலில் தங்கை நின்றாள்.

"அக்கா."

"என்னடி?"

"ரெண்டேகாலுக்கு டீ வெச்சப்போ, ஆறிடும் டீச்சர்னு சொன்னேன். சரின்னு தலையாட்டின மாதிரி இருந்துச்சு."

தையல்காரி அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.