பாதியில் எழுந்தவர்

சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோதுதான் சுபாஷிணி அதைக் கவனித்தாள். ஹாலில் டிவி ஓடவில்லை. திவானில் படுத்திருந்த ஹரிஷங்கர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார், ஆனால் அவருடைய இடது கை மட்டும் மரச்சட்டத்தில் தட்டிக்கொண்டே இருந்தது. இரண்டு தட்டு, சின்ன நிறுத்தம், மறுபடி ஒரு தட்டு. தூங்குகிற மனுஷனின் கை தாளம் போடுமா என்ன?

ஆப்பிரிக்காவிலுள்ள அக்ராவிலிருந்து வந்ததிலிருந்து இதே கூத்துதான். அமைச்சக வேலையாகக் கானாவுக்குப் போனவர்களை, கடைசி நாள் ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று, வெளியூர்ப் பயணிகளுக்காக நடக்கும் ஒரு டிரம் வகுப்பில் கொண்டுபோய் உட்காரவைத்திருக்கிறார்கள். மரத்தடியில் வட்டமாக நாற்காலி, ஆளுக்கொரு டிரம், ஆளுக்கொரு தாளம். சொல்லிக்கொடுத்தவர் பெயர் க்வாமே. "முதல்ல கை சொன்ன பேச்சே கேக்கலை சுபா. அப்புறம் எது என் சத்தம், எது பக்கத்துல இருக்கறவன் சத்தம்னே தெரியலை. ஃபைல், பி.பி., ப்ரமோஷன் எல்லாம் போச்சு. கண்ணுல ஜலம் வந்துடுத்துன்னா பாரேன்!" என்று, வந்த அன்று பெட்டியைக்கூடத் திறக்காமல் சொன்னார். ஏர்போர்ட்டுக்குக் கார் வந்துவிட்டதாம், இவர் மட்டும் அவசரப்பட்டுப் பாதியில் எழுந்தாராம். க்வாமே கையை ஆட்டினாராம். இவரும் டாட்டா காட்டிவிட்டு வந்துவிட்டார்.

சிந்துவையும் விட்டுவைக்கவில்லை. பத்து வயசுப் பெண்ணை எதிரே உட்காரவைத்து, வகுப்பில் தன் பக்கத்து நாற்காலிக்காரர் வாசித்த தாளத்தைச் சொல்லிக்கொடுத்தார். அப்பா விட்ட இடத்தில் பெண் தட்டுவாள், பெண் விட்ட இடத்தில் அப்பா. கேட்க நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

இப்போது நன்றாக இல்லை. வெளியே லோதி ரோடு முழுக்கப் புகையும் பனியுமாக இருந்தது. குப்பை எரிந்த நாற்றம் உள்ளே வராமலிருக்க ஜன்னல் இடுக்கிலெல்லாம் பேப்பரைத் திணித்திருந்தாள். ஏர் ப்யூரிஃபையர் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது, அந்த இரைச்சலுக்கு அடியில் மரச்சட்டத்தின் தட்டு, அதற்குப் பதில் சொல்வதுபோல உள்ளறையில் சிந்துவின் விரல்கள் பாடப் புத்தகத்தின் மேல். டிஸ்பென்சரி டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, டீயைக் குறைக்கச் சொல்லி அனுப்பியிருந்தார். சமர்த்துதான்!

அவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு போய் அவருடைய இடது கையை அழுத்திப் பிடித்தாள்.

குறட்டை நின்றது.

மூச்சும் நின்றது. உதடு கறுத்துக்கொண்டு வந்தது. "ஏன்னா! ஏன்னா!" என்று உலுக்கியதில் அவளுடைய பிடி நழுவ, கை சட்டத்தில் விழுந்து தட்டியது. இரண்டு. நிறுத்தம். ஒன்று. தொண்டையைக் கிழித்துக்கொண்டு மூச்சு வந்தது. அவர் கண்ணைத் திறந்தார்.

"நிறுத்தாதே சுபா," என்றார். "நிறுத்தினா நெஞ்சு நின்னுடறது. தோள்பட்டை பிச்சுண்டு போறது. உன்னைப் பயமுறுத்த வேண்டாம்னு சொல்லலை."

அவள் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள், பனியில் எப்போது வருமென்று சொல்ல முடியாது என்றார்கள். கரோல் பாகிலிருக்கும் ஜம்புவைக் கூப்பிட்டாள். அவரும் கானாவுக்குக் கூடப் போனவர், கார் வைத்திருப்பவர்.

"இதோ கிளம்பிட்டேன் மன்னி. ஆனா புசா ரோட்ல பனியில கார் பானெட்டுக்கு அப்புறம் ஒண்ணுமே தெரியாது," என்றவர் தயங்கினார். "அந்த க்வாமே முதல்லயே சொன்னார். நான் முடிக்கற தாளத்தை வாசிக்கறவரைக்கும் யாரும் எழுந்துக்கப்படாதுன்னு. எங்களுக்கெல்லாம் முடிச்சார். ஹரிதான் நடுவுல..."

அன்று எடுத்த வீடியோவையும் க்வாமேயின் நம்பரையும் அனுப்பினார். வீடியோவில் ஹரிஷங்கர் சிரித்துக்கொண்டே எழுந்து போகிறார். பின்னால் அந்த நல்ல மனிதர் க்வாமே பாதி எழுந்து, ஒரு கையால் வாசித்தபடியே, இன்னொரு கையை நீட்டுகிறார். டாட்டா இல்லை. உட்கார், உட்கார் என்கிறார்.

தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சுபாஷிணி அவருக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். அழுகையில் பாதி வார்த்தை விழுங்கிப் போயிற்று. தயவுசெய்து கூப்பிடுங்கள், முடித்து வாசித்துக் காட்டுங்கள், என் கணவர் செத்துப்போய்விடுவார். போனை டீபாயில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

கை சட்டத்திலிருந்து சரிந்து தொங்கியது.

யோசிக்க நேரமில்லை. அவருடைய மார்பில் அவளே தட்டினாள். இரண்டு. நிறுத்தம். ஒன்று. உள்ளங்கைக்கு அடியில் நெஞ்சு துள்ளி எழுந்து, அவளுடைய கையைத் தொடர்ந்து வந்தது. பெருமாளே, இது போதும் என்று தட்டினாள்.

"அம்மா."

கதவருகே சிந்து. சுவரில் தட்டிக்கொண்டே நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"அம்மா, கை ரொம்ப வலிக்கறது. நிறுத்திடட்டுமா?"

"நிறுத்தாதேடி! என் கண்ணே, நிறுத்தாதே, இங்க வா!"

தட்டிக்கொண்டே வந்தாள். நாற்காலியில், டீபாயில், அம்மாவின் முழங்காலில். அங்கேயே கை ஓய்ந்து, மூச்சு நின்று, அம்மாவின் மடியில் சாய்ந்தாள். சுபாஷிணி வலது கையைப் பெண்ணின் மார்பில் வைத்தாள். வேறு தாளம். தினம் காதில் விழுந்த தாளம், கைக்குத் தெரிந்தது. குழந்தை மூச்சு விட்டாள்.

இடது கையில் அவர். வலது கையில் இவள்.

கத்திப் பார்த்தாள். மேல் வீட்டு செல்வராஜ் குடும்பம் ஊருக்குப் போயிருந்தது. பேப்பர் திணித்த ஜன்னலைத் தாண்டி அவளுடைய குரல் எங்கே போகும்? ப்யூரிஃபையர் இரைந்தது. முழங்கை மரத்தது. தோள் எரிந்தது. ஜம்பு வரவில்லை. யாரும் வரவில்லை.

போன் அடித்தது.

கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். வீடியோ கால். க்வாமே.

டீபாய் அவள் முதுகுப் பக்கம் இருந்தது. அவருக்கு எட்டாது. அவளுடைய இடது கைக்கு எட்டும். அந்தக் கையைத் தூக்கினாள். அந்தக் கணமே அவருடைய முகம் கறுத்தது. பதறிப்போய்க் கையைத் திரும்ப அவருடைய மார்பில் வைத்தாள். போன் அடித்து அடித்து ஓய்ந்தது. "ஐயோ, ஐயோ," என்று வாய்விட்டு அழுதாள், கைகள் மட்டும் தட்டிக்கொண்டிருந்தன.

மறுபடி அடித்தது.

ஹரிஷங்கர் கண்ணைத் திறந்தார். அவளைப் பார்த்தார். மடியில் கிடந்த பெண்ணைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"எடு," என்றார்.

"மாட்டேன்னா. ஜம்பு வந்துண்டே இருக்கார்."

"குழந்தைடி. எடு."

"மாட்டேன்!"

அவருடைய இரண்டு கைகளும் எழுந்து வந்து அவளுடைய இடது மணிக்கட்டைப் பிடித்தன. அத்தனை பலம் எங்கிருந்து வந்ததோ. அவள் அழுத்தினாள். அவர் தூக்கினார். விரல் விரலாக உள்ளங்கை மார்பை விட்டு எழுந்தது. வேண்டாம்னா. வேண்டாம்.

கை அந்தரத்தில் நின்றது.

போன் ஓய்ந்தது.

அவருடைய கண்கள் அவளையே பார்த்தபடி நின்றுவிட்டன. கையை அவருடைய மார்புக்குத் திரும்பக் கொண்டுபோக இழுத்தாள். வரவில்லை. உதறினாள். முறுக்கினாள். அவர் பிடித்த பிடி பிடித்தபடியே இறுகியிருந்தது. வலது கை தட்டிக்கொண்டிருந்தது, அதில் இரண்டு விரல்கள் உணர்விழந்திருந்தன.

மறுபடி போன் அடிக்க ஆரம்பித்தது. பிடிபட்ட கை டீபாய்க்கும் எட்டவில்லை. அவர் விடவில்லை.