ஏழாவது தாண்டல்

ரொட்டியில் குங்கிலிய வாசனை அடித்தது.

இன்சாஃப் பிட்ட துண்டை மறுபடியும் மூக்கருகே கொண்டுபோனாள். இரண்டு நாளாகக் கம்சீன் காற்று பாலைவனத்தையே வாரி வந்து ஊர்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. நடுப்பகலிலேயே வீட்டுக்குள் விளக்கு எரிந்தது, ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணி திணித்திருந்தும் பல்லுக்கடியில் மணல் நறநறத்தது. மணலின் வாசனை அவளுக்குத் தெரியும். அடுப்பில் வைக்கும் வறட்டியின் வாசனையும் கரும்புச் சோகையின் வாசனையும் தெரியும். இது வேறு. இனிப்பும் கசப்புமாக, வருடக்கணக்கில் திறக்காத பெட்டியைத் திறந்ததுபோல் நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. அவள் துண்டைத் துப்பினாள்.

மடியில் பிள்ளை சிணுங்கியது. பிறந்து பத்தொன்பது நாள். ஒன்பது வருடத்தில் இரண்டைப் புதைத்த பிறகு பிழைத்து வந்தவன். சாவு ஆசைப்பட்டு எட்டிப் பார்த்துவிடக் கூடாதென்று அவனுக்கு ஷஹாத், பிச்சைக்காரன், என்று பெயர் வைத்திருந்தார்கள். நேற்றுக் காலை வரை அவளுக்குப் பால் பொங்கியது. நேற்று மதியத்திலிருந்து ஒரு சொட்டு இல்லை. ஆட்டுப்பால் கொடுத்தால் கக்கிவிடுகிறான். அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போகலாமென்றால் இந்தக் காற்றில் நைலில் படகு ஓடாது. அழக்கூடத் தெம்பில்லாமல் அவன் வாயை மட்டும் திறந்து திறந்து மூடினான்.

"மதினி, அடுப்புல என்ன வச்சு எரிச்சீங்க?"

கணவனின் அக்கா ஃபௌகிய்யா மாவுக் கையைத் துடைத்தபடி எட்டிப் பார்த்தாள். "சோகை நமுத்துப் போச்சு புள்ள. ஹம்தான் ஏதோ பழந்துணி கொண்டாந்து போட்டான். அம்மாடி, எண்ணெயில முக்குனாப்ல பத்திக்கிச்சு!"

எண்ணெய் இல்லாமல் அப்படி எரியும் பழந்துணி எது என்று நைலின் மேற்குக் கரையில், பழங்காலக் கல்லறைகளின் மேல் கட்டிய ஊரில் பிறந்த இன்சாஃபுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே, இன்று பூட்டாமல் கிடந்த பின்கட்டு அறைக்குப் போனாள்.

அவள் கணவன் ஹம்தான் கோரைப்பாயின் மேல் உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு சாக்கு. கழிப்பறைக்குக் குழி வெட்டுகிறேன் என்று நாலு மாதமாக இந்த அறையைப் பூட்டி வைத்திருந்தவன். அவள் பாயின் முனையைப் பிடித்து இழுத்தாள். அவன் உருண்டான். அடியில் ஆள் இறங்குமளவு ஓட்டை. அதிலிருந்து அதே வாசனை ஏறி வந்தது.

"நேத்து காலைல நீ எங்கேருந்து என் ரூமுக்குள்ள வந்தே?" அவனை அவள் நீ என்றது அதுவே முதல்முறை.

"கத்தாதடி, ஊருக்கே கேக்கும்."

"கேக்கட்டும்! இந்தக் குழியிலேருந்தா வந்தே?"

அவன் சாக்கை அணைத்துக்கொண்டான். "கீழ கல்லறை கிடைச்சிருச்சு. சந்தோசத்துல பிள்ளையை ஒரு முத்தம் குடுக்கலாம்னு… யோசிக்கல."

யோசிக்கவில்லையாம். பெற்றவள் நாற்பது நாள் முடிவதற்குள், கல்லறைக்குப் போய் வந்தவன் அவள் அறைக்குள் நேராக நுழையக் கூடாது. அவன் முற்றத்தில் நிற்க வேண்டும். பிள்ளையை வெளியே தூக்கி வந்து அவனுக்குக் காட்டி, அதன் பிறகே அவன் நிலைப்படியைத் தாண்டலாம். இல்லாவிட்டால் தாய்க்குப் பால் நின்றுபோகும். மூக்கொழுகும் பயல்களுக்கும் தெரிந்த விஷயம் இது. ஒன்பது வருடம் அவள் தர்காக்களின் படியெல்லாம் ஏறி இறங்கி வாங்கி வந்த பிள்ளையை, இந்த முட்டாள் ஒரு முத்தத்தில் பட்டினி போட்டுவிட்டான். அவனை அதே குழிக்குள் தள்ளி மூடினால் என்ன என்று இன்சாஃபுக்குக் கை துறுதுறுத்தது.

அந்த வீட்டு ரத்தமே அப்படித்தான். ஹம்தானின் பாட்டன் காலத்தில் மலைக் குகைகளிலிருந்து பழையவர்களை, துணி சுற்றிப் பிசின் பூசிய பழங்காலப் பிணங்களை, கழுதை மேல் ஏற்றி வந்து வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். மேல்பூச்சுப் பிசினைச் சுரண்டி மருந்து என்று தின்ற ஊர்களும் கடலுக்கு அப்பால் இருந்தனவாம். துணியைக் கிழித்துத் தாயத்தைத் தேடினார்கள், பிணப்பெட்டியைப் பிளந்து எரித்து ரொட்டி சுட்டார்கள். பழையவர்களுக்குக் காவல் இருக்கிறது, கிளறாதே என்று சொன்னவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த வீட்டில் மருமகள்கள் மட்டும் ஏனோ பிள்ளைகளைப் புதைத்துக்கொண்டே இருந்தார்கள். அதற்கும் மருமகள்களைத்தான் திட்டினார்கள்.

ஃபௌகிய்யா வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். "நாசமாப் போறவனே! ஏ புள்ள, இதுக்கு மாத்து இருக்கு. எந்தப் பிணத்தால பால் நின்னுச்சோ அதையே போய் ஏழு தடவை தாண்டணும். வாயைத் திறக்காமத் தாண்டணும், உனக்குத்தான் வாய் நிக்காதே. பிள்ளைய எங்கிட்டக் குடு. குழி வாய்லயே உக்காந்திருக்கேன்."

இன்சாஃப் சுற்றுத்துணியின் முடிச்சுகளை இறுக்கிப் பிள்ளையைக் கொடுத்தாள். விளக்கை எடுத்துக்கொண்டு ஏணியில் இறங்கினாள்.

பதினோரு படி. கடைசிப் படிக்குக் கீழே காற்றின் சத்தம் அறுந்துபோனது. மேலே ஊரையே உலுக்கிக்கொண்டிருந்த கம்சீன் இங்கே இல்லை. இருந்தது அவள் மூச்சும், விளக்குத் திரியின் படபடப்பும், பாறையிலிருந்து எங்கோ உதிர்ந்துகொண்டிருந்த மண்ணும்தான். தரையெங்கும் கிழித்த துணிச் சுருள்கள். குனிந்துதான் நகர முடிந்தது. விளக்கை முன்னால் நீட்டினாள்.

பெண். பாதித் துணி உரிக்கப்பட்டுக் கிடந்தாள். தோல் உலர்ந்த பேரீச்சம்பழம்போல் கறுத்துச் சுருங்கியிருந்தது. தலைமுடி மட்டும் நேற்றுப் பின்னியது மாதிரி இருந்தது. இரண்டு கைகளும் முழங்கையில் மடங்கி மார்புக்கு மேல் விரிந்து நின்றன.

இன்சாஃப் பாவாடையைத் தூக்கிப் பிடித்தாள். ஒன்று.

திரும்பினாள். இரண்டு. மேலே ஷஹாத் சிணுங்குவது கேட்டது. மூன்று.

நாலாவது தாண்டலில் விளக்கொளி அந்தக் கைகளின் வளைவுக்குள் விழுந்தது. அங்கே நெஞ்சின் பிசின் பூச்சில் ஒரு குழிவு. முழங்கையளவு நீளம். ஏதோ வெகுகாலம் அங்கேயே அழுந்திக் கிடந்த தடம். பிய்த்த இடம் மட்டும் பளபளவென்று புதிதாக இருந்தது.

ஐந்து.

முகம் முன்பு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது சற்றுச் சாய்ந்திருந்தது. இல்லை. நிழல். நிழல்தான்.

ஆறு.

மேலே பிள்ளையின் சிணுங்கல் நூலிழையாக மெலிந்தது. இன்சாஃபின் மார்பு இன்னும் காய்ந்தே கிடந்தது. அவளுக்குப் பயத்தை முந்திக்கொண்டு கோபம் வந்தது. தோண்டியது அவன். கிழித்தது அவன். எரித்தது அவன். பட்டினி கிடப்பது என் பிள்ளையா?

"என் பாலைத் திருப்பிக் குடு!" என்று கத்திவிட்டாள். "அதுக்குப் பதிலா இந்த வீட்ல எது வேணும்னாலும் எடுத்துட்டுப் போ!"

அவள் நினைத்தது ஹம்தானை.

ஏழு.

மார்பில் சுரீரென்று ஒரு குத்தல். சட்டை நனைந்தது. பால். சூடாக, வயிறு வரை வழிந்தது. இன்சாஃப் அழுதுகொண்டே சிரித்தாள். விளக்கைக் கீழேயே விட்டுவிட்டு ஏணிக்குத் தாவினாள்.

மேலே ஃபௌகிய்யா மடியை ஆட்டி ஆட்டிப் பாடிக்கொண்டிருந்தாள்.

"குடுங்க மதினி! வந்திருச்சு!"

"மெதுவா, மெதுவா. இப்பத்தான் அழுகைய நிறுத்தினான்."

இன்சாஃப் வாங்கினாள். எடையே இல்லை. முடிச்சுகள் அவள் போட்டபடியே இருந்தன. துணி பிள்ளையின் வடிவத்தில் உப்பியிருந்தது. உள்ளே யாருமில்லை.

அப்போதுதான் சத்தம் கேட்டது. குழியிலிருந்து. சப்பு, சப்பு. பசித்த பிள்ளை பால் குடிக்கும் சத்தம்.

இன்சாஃப் குழி வாயில் குப்புறப் படுத்துக் கீழே பார்த்தாள். பிறகு எழுந்து கணவனிடம் வந்தாள். குரல் அவளுடையதாகவே இல்லை.

"சாக்குல என்ன?"

"அது… அவ கையில இருந்தது. சின்னது. தரகருக்குக் காட்டலாம்னு…"

அவன் முகத்தில் அவள் அறைந்தது தெருவரை கேட்டிருக்கும். சாக்கைப் பிடுங்கினாள். துணி சுற்றிய ஒரு முழப் பொட்டலம். தலையும் தோளும் தெரிந்தன. அதை இடுக்கிக்கொண்டு இறங்கினாள். மூன்று படி மிச்சமிருக்கும்போதே குதித்தாள்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

விரிந்திருந்த கைகள் மூடியிருந்தன. அவற்றுக்குள் ஷஹாத். வெறும் உடம்பு. சின்னக் குதிகால் அசைந்தது. கண்ணை மூடி, கன்னம் குழிய, கறுத்துச் சுருங்கிய மார்பைச் சப்பிக்கொண்டிருந்தான். கடைவாயில் ஏதோ கறுப்பாக வழிந்தது.

"இந்தாம்மா உன் பிள்ளை." இன்சாஃப் முழங்காலில் விழுந்தாள். "பத்திரமா இருக்கு பாரு. கிழிக்கல. எரிக்கல. வாங்கிக்க. என்னோடதைக் குடு."

கைகள் பிரியவில்லை.

"அவனை எடுத்துக்கடி! அந்தப் பாவியை எடுத்துக்க! எம் பிள்ளையை விடு!"

விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். பாறைபோல் இருந்தன. ஒரு கையால் இழுத்தாள். மறு கையில் பொட்டலம். நெஞ்சோடு அழுந்திக் கிடந்தது.

பால் நிற்கவில்லை. சட்டையைத் தாண்டிப் பழைய துணியின் மேல் சொட்டியது.

பொட்டலத்தின் தலை அவள் பக்கம் திரும்பியது.

வாய் இருக்க வேண்டிய இடத்தில் துணி நனைந்து, மெல்ல உள்ளே இழுபட்டது. விட்டது. மறுபடியும் இழுபட்டது.