திறப்புக் கொண்டு வந்தவர்

கைப்பையின் பக்கத்துச் சிறு பையில் வழக்கமான கனம் இல்லை. ரயிலால் இறங்கிச் சோலோதுர்ன் நகரத்துப் பனியில் நடந்து வந்து, கட்டடத்தின் கீழ்வாசலில் நின்று கையை விட்டுத் துழாவியபோதுதான் ஞானேஸ்வரிக்கு அது தெரிந்தது. திருநீற்றுச் சரை அகப்பட்டது. இருமல் குளிசை அகப்பட்டது. வீட்டுப் பூட்டுத் திறக்கும் திறப்பைக் காணவில்லை.

இந்த நாட்டில் திறப்பைத் தொலைப்பது சின்ன விஷயம் இல்லை. கீழ்வாசல், வீட்டுக்கதவு, நிலவறை, முறைபோட்டு உடுப்புத் தோய்க்கும் அறை எல்லாவற்றுக்கும் ஒரே திறப்பு. நிர்வாகத்துக்குச் சொன்னால் கட்டடம் முழுக்கப் பூட்டு மாற்றுவார்கள். படிக்கட்டில் ஒற்றை வணக்கத்தோடு கடந்துபோகிற அயலவர்களுக்கு அவளைப் பற்றிக் கதைக்க நல்ல விஷயம் கிடைக்கும். அந்த வெட்கத்தில் அவள் நிர்வாகத்துக்குச் சொல்லவில்லை. திரிம்பாக் கோயிலின் வாட்ஸ்அப் குழுவுக்குச் சொன்னாள். நம்முடைய சனத்துக்கு அதுதான் பொலிஸ், அதுதான் தபால் கந்தோர்.

வெள்ளிப் பூசைக்கு வந்த இடத்தில் திறப்பு விழுந்திருக்கலாம் என்று எழுதி, வீட்டு விலாசத்தையும் போட்டு, “எப்பவும் கொண்டு வரலாம், நான் தனியத்தான் நிக்கிறன்” என்று முடித்தாள். கணவர் இறந்து அந்தியேட்டிச் சடங்குக்கு வந்த சனம் கலைந்த பிறகு அந்த வீட்டு மணியை யாரும் அடித்ததில்லை. யாராவது வருவார்கள் என்ற நினைப்பே அவளுக்குக் கொஞ்சம் இனித்தது.

முதியோர் இல்லச் சமையலறையில் அவளோடு வேலை செய்யும் கிறிஸ்ரினாவிடம் மாற்றுத் திறப்பு ஒன்று இருந்தது. அதைக் கொண்டுவந்து கொடுத்தவள், குழுவில் இருந்த செய்தியைப் பார்த்துத் திகைத்துப்போனாள்.

“விலாசமும் போட்டு, தனிய நிக்கிறன் எண்டும் போட்டிருக்கிறியள். விசரோ அக்கா உங்களுக்கு? முதல் அதை அழியுங்கோ.”

“எங்கடை ஆக்கள்தானே பிள்ளை.”

“அதிலை இருக்கிற எல்லாரையும் உங்களுக்குத் தெரியுமோ?”

தெரியாதுதான். ஞானேஸ்வரி செய்தியை அழித்தாள்.

“காலமை நிர்வாகத்துக்கு அறிவியுங்கோ. அதுவரைக்கும் இந்தத் திறப்பை உள்பக்கத்தாலை பூட்டுக்குள்ளை விட்டபடி வையுங்கோ. வெளியாலை வேறை திறப்பு விடேலாது. சங்கிலியையும் கொழுவுங்கோ. எனக்கு வேலைக்கு நேரமாச்சு, போட்டு வாறன்.”

கிறிஸ்ரினா போனதும் அவள் சொன்னபடியே எல்லாம் செய்தாள். மாலை ஆறுமணிகூட ஆகவில்லை, ஆனாலும் யன்னலுக்கு வெளியே நல்ல இருட்டு. வீடு தன்பாட்டில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. சூடாக்கி டிக் டிக்கென்றது, குளிர்சாதனப்பெட்டி உறுமி அடங்கியது, மேல்வீட்டில் யாரோ கதிரையை இழுத்தார்கள், கதவிடுக்கால் அயல்வீட்டுக்காரர் உருக்கும் சீஸின் புளித்த மணமும் படிக்கட்டின் ஈரச் சீமெந்து மணமும் ஒன்றாக வந்தன. மற்ற நாட்களில் இந்தச் சத்தங்கள் அவளுக்குத் துணை. இன்றைக்கு ஒவ்வொன்றும் வேறு எதையோ மறைப்பதற்காகவே கேட்பதுபோல இருந்தது.

மணி அடித்தது.

அவள் கதவோரம் இருந்த, கீழ்வாசலோடு பேசும் கருவியை எடுத்தாள்.

“அக்கா, திறப்புக் கொண்டு வந்திருக்கிறன்.” ஆண் குரல். நம்முடைய தமிழ். களைத்த குரல்.

“ஆர் தம்பி?”

மூச்சு மட்டும் கேட்டது.

“கீழை தபால்பெட்டிக்குள்ளை போட்டிட்டுப் போங்கோ தம்பி.”

“தனியவோ நிக்கிறியள்?”

“இல்லை. இவர் நிக்கிறார்.” வாய் தானாகச் சொல்லிவிட்டது. இவ்வளவு மாதங்களுக்குப் பிறகு அந்த வார்த்தையைச் சொன்னதும் அவளுக்கு அழுகை வந்தது.

“ஓம் அக்கா” என்றது குரல்.

தபால்பெட்டியின் தகரச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். அது கேட்கவில்லை. கீழ்வாசல் திறந்து மூடிக்கொண்டது. படிகளில் காலடி. அவசரமே இல்லாத காலடி. ஒவ்வொரு தளத்திலும் நின்று நின்று வந்தது. அவள் தளத்தில் நின்றது.

பூட்டில் ஏதோ உரசியது.

உள்ளே விட்டிருந்த திறப்பு மெல்ல நடுங்கியது. அவள் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள். குளிர்ந்த இரும்பு. வெளியே மூச்சு. உள்ளே அவள் மூச்சு. பிறகு ஒரு மூச்சுத்தான்.

உரசல் நின்றது.

கைத்தொலைபேசி அதிர்ந்தது. ஒரு கையைத் திறப்பிலேயே வைத்துக்கொண்டு மற்றக் கையால் எடுத்தாள். கோயிலில் தொண்டு செய்யும் பானுஜன்.

“அன்ரி, உங்கடை திறப்புக் கோயில் கந்தோரிலைதான் கிடந்தது. இப்பதான் கண்டனான். என்ரை கையிலை இருக்கு. நாளைக்குக் கொண்டு வாறன், என்ன?”

“உன்ரை கையிலையோ?”

“ஓம் அன்ரி.”

அப்படியென்றால் வெளியே நிற்பவனிடம் திறப்பு இல்லை. ஆரோ குடித்துவிட்டு, அயலவர் பின்னால் கீழ்வாசலுக்குள் நுழைந்து பகிடி விட்டிருக்கிறான். போய்விட்டானா என்று பார்க்க, கதவின் சின்னக் கண்ணாடியில் கண்ணை வைத்தாள். படிக்கட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யாரும் இல்லை.

கால்துடைப்பானில், அவளுடைய சப்பாத்துக்குப் பக்கத்தில், ஒரு சோடி ஆண் சப்பாத்து. நுனியில் இன்னும் கரையாத பனி. நாடா அவிழ்த்து, ஒழுங்காகச் சேர்த்து வைத்திருந்தது. நம் வீடுகளில் உள்ளே வருகிறவர் வைப்பதுபோல.

சங்கிலி கொழுவியபடியே இருந்தது. திறப்பு பூட்டுக்குள்ளேயே, அவள் கைப்பிடியில் இருந்தது.

“அன்ரி,” என்றான் பானுஜன், “ஆர் உங்களுக்குப் பக்கத்திலை மூச்சு விடுறது?”

அவளால் திரும்ப முடியவில்லை. தலையை மட்டும் குனிந்தாள். பலகைத் தரையில், அவளுடைய குதிக்கால்களுக்கு நேர் பின்னால், இரண்டு ஈரப் பாதங்கள், அவள் பார்த்த அதே கதவைப் பார்த்தபடி. அவற்றைச் சுற்றித் தண்ணீர் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.