இன்னொரு கணினி

தேடல் பெட்டியில் அவள் ஒரே ஒரு எழுத்தைத்தான் தட்டியிருந்தாள். முன்பு தேடியது என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி கீழே இறங்கியது: இரட்டைத் தாழ்ப்பாளை வெளியிலிருந்து திறப்பது எப்படி.

அவள் அதைத் தேடியதே இல்லை.

தையல் மேசையில் பாதி வெட்டிய சீருடைத் துணி கிடந்தது. வெளியே மழை. மெஷின் எண்ணெயின் நெடியும், இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் ஈரத்துணி விடும் ஆவியும் அந்தச் சிறிய மாடி அறையில் கலந்து நின்றன. இந்த வீட்டுக்கு வந்த பிறகு அதுதான் அவளுக்கு நிம்மதியின் வாசனையாகியிருந்தது. புது ஊர், புது எண், கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள்கள். கணவன் கதவிடுக்கில் வைத்து நசுக்கிய இடதுகை விரல்கள் மட்டும் மழை நாளில் வலிக்கும்.

பழைய மின்னஞ்சல் கணக்கை அவள் விடவில்லை. மகளின் குழந்தைப் படங்களெல்லாம் அதில்தான் இருந்தன.

மகளை நீச்சல் வகுப்பிலிருந்து ஸ்கூட்டரில் அழைத்துவரப் போயிருந்த தங்கைக்கு போன் செய்தாள்.

"என் கணினியில நீ ஏதாவது தேடினியா?"

"தொட்டா ஊசியால குத்திடுவியே, எனக்கெதுக்கு வம்பு? ஏன்க்கா, குரலே சரியில்ல?"

"பாப்பா எங்க?"

"தலை துவட்டிக்கிட்டிருக்கா. உனக்குப் பார்க்கிற கயிறெல்லாம் பாம்பு. பாஸ்வேர்டை மாத்துன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டியா? இப்ப கிளம்பிடறோம், டீ போட்டு வை."

டீ போட்டு வைத்துவிட்டு வந்து தேடல் வரலாற்றைத் திறந்தாள். அவள் தேடியவை வரிசையாக இருந்தன: தாழ்ப்பாள் விலை, நீச்சல் வகுப்பு விடும் நேரம், அங்கிருந்து வீட்டுக்குக் குறுக்கு வழி. அவற்றுக்கு நடுவே, அவள் தேடாதவை. எலும்பு வெட்டும் கத்தி. மழையில் ஸ்கூட்டரைச் சறுக்கி விழவைப்பது.

பழைய வீட்டின் சாப்பாட்டு மேசை நினைவுக்கு வந்தது. அதன்மேல், மூடக்கூட நேரமில்லாமல் அவள் விட்டுவிட்டு ஓடிவந்த மடிக்கணினி. அதே கணக்கு அதில் இன்னும் திறந்தே கிடக்கிறது. இங்கே அவள் தட்டிய ஒவ்வொரு சொல்லையும் அங்கே உட்கார்ந்து அவன் வாசித்திருக்கிறான்.

கணக்கில் இணைந்திருக்கும் கருவிகளைப் பார்த்தாள். இரண்டு. ஒன்று இது. இன்னொன்று, இப்போது இயக்கத்தில்.

இடம்: அவளுடைய தெரு.

'வெளியேற்று' என்பதை அழுத்தினாள். வட்டம் சுற்றியது. மறுபடி அழுத்தினாள். தங்கையை அழைத்தாள்.

மணி அடித்தது. காதில் மட்டுமல்ல.

கீழே, வாசலிலும்.

யாரும் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது.

படிக்கட்டில் காலடிகள். கனமாக. பின்னாலேயே, சின்னதாக.

வெட்டுக் கத்தரியை எடுத்தாள். கதவுக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

"அம்மா."

மகளின் குரல். பல் தந்தியடித்தது.

"சித்தி கீழ படுத்திருக்கா. கூப்பிட்டா எழுந்திருக்கல. கதவைத் திறம்மா."

"யாரு கூட வந்தே, கண்ணு?"

கதவுக்கு அப்பால் ஒரு முணுமுணுப்பு. பிறகு, யாரோ காதில் சொல்லிக்கொடுத்ததைத் திருப்பிச் சொல்வதுபோல:

"தனியாத்தான்மா வந்தேன்."

கதவின் அடியில் மழைத்தண்ணீர் கசிந்து உள்ளே வந்தது. சிவப்பாக வந்தது. அதற்கு அப்பால், இரண்டு சின்னக் கால்களின் நிழல். அவற்றை ஒட்டி, இரண்டு பெரிய கால்கள்.

வலது கையில் கத்தரி. கோணிய விரல்கள் மேல் தாழ்ப்பாளை விலக்கின.

பிறகு கீழ்த் தாழ்ப்பாளை.